பத்தொன்பதாம் நம்பர் லைன்

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் தொலைபேசி மணி அடித்தது. எடுத்து, "எஸ்டேட் ஆபீஸ், குட் மார்னிங்" என்றேன். மறுமுனையில் இருந்த ஈப்போ பூ வியாபாரி ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் இப்போது எஸ்டேட்டில் இல்லை. திரிங்காப் என்ற ஊரில் ஒரு சீனர் நடத்தும் பூத்தோட்டத்தில் இருக்கிறேன். செவ்வந்தி பறித்து, காகிதத்தில் சுற்றி, சாயங்காலம் லாரியில் ஏற்றுவார்கள். எந்த ஊருக்கு எத்தனை கட்டு என்று தொலைபேசியில் கேட்டு எழுதுவது என் வேலை. முதலாளியின் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, எஸ்டேட் சுடா ஹாபிஸ் லா" என்று சிரித்தாள். எஸ்டேட் முடிந்துபோயிற்று என்று அர்த்தம்; லா என்பது இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால். நானும் சிரித்தேன். வியாபாரி மறுபடி கூப்பிட்டார். எழுதிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது யோசித்துப் பார்த்தேன். எஸ்டேட் தொலைபேசிப் போர்டை விட்டு வந்து அன்றோடு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கே நினைவில்லாத நாளை என் நாக்கு நினைவில் வைத்திருந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மலேசியாவில் இருப்பவர்கள் எல்லாம் ரப்பர் பால் எடுக்கிறார்கள் அல்லது கோலாலம்பூரில் கடை வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் நினைக்கிறீர்கள். இந்தக் கேமரன் மலையில் பதினான்கு வருடம் ஒரு மரப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்தவளும் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

2

கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். நீளமான ஹால். பதினெட்டு ஸ்டூல்கள், பதினெட்டுப் பெண்கள். ஒருத்தி மதுரையைக் கூப்பிடுவாள், ஒருத்தி தூத்துக்குடியைக் கூப்பிடுவாள், நடுவில் யாருக்காவது விக்கல் எடுக்கும், வரிசையே சிரிக்கும். சூப்பர்வைசர் தலை திரும்பினால் முறுக்கு கைமாறும். அரசாங்க வேலை. அறுபத்து மூன்றில் அதை ராஜினாமா செய்துவிட்டுக் கப்பல் ஏறினேன். மாப்பிள்ளை மலேயாவில் தேயிலைத் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. பினாங்கில் இறங்கி, தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலை ஏறியபோது மூன்று முறை வாந்தி எடுத்தேன். மேலே வந்து கதவைத் திறந்தால் குளிர். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற என் கணவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழு வருடம் கழித்து ஆபீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றார். எனக்கு அந்த வேலை தெரியும் என்று கணவர் துரையிடம் சொன்னார். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். அப்போது வெள்ளைக்காரர். பிறகு நம் நாட்டு ஆட்களே வந்தார்கள், பட்டம் மட்டும் மாறவில்லை.

போர்டு என் நெஞ்சு உயரம் இருக்கும். இருபத்து மூன்று துளைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்னப் பித்தளை மூடி. பாக்டரியிலோ மருந்தகத்திலோ யாராவது தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினால் அந்த மூடி டக் என்று விழும். நான் கயிற்றுப் பிளக்கைத் துளையில் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு துளையில் மறுமுனையைச் சொருக வேண்டும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. ஹாலில் இருந்த பதினெட்டு பேருக்குப் பதில் இங்கே நான் ஒருத்தி. அறைக்கு ஒரு ஜன்னல். அதில் பாதி நாள் மூடுபனி.

எழுபத்து ஏழில் என் கணவர் மஞ்சள் காமாலையில் போனார். போர்டு இருந்ததால் குவார்ட்டர்சில் தொடர்ந்து இருக்க விட்டார்கள். மகள் ஹெலனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

3

தினமும் காலை ஏழு மணிக்குப் பத்தொன்பதாம் மூடி விழும். மலைக்கு மேலே, தோட்டத்தின் கடைசிப் பகுதியான மேல் டிவிஷனையும் தாண்டி, காட்டுக்குள் ஒரு தடுப்பு இருக்கிறது. அங்கே தேக்கும் தண்ணீர்தான் குழாய் வழியாக இறங்கி பாக்டரி டர்பைனைச் சுற்றும். அதைக் காவல் காக்கும் அங்கப்பன் என்பவர் தண்ணீர் அளவும் மழை அளவும் சொல்லக் கூப்பிடுவார்.

"தங்கச்சி, தண்ணி ரெண்டு அடி. மழ அர இஞ்சு."

"சரிண்ணே."

அளவு சொல்லி முடிந்ததும் அவர் வைத்துவிட மாட்டார். நேற்று ஒரு பன்றி வந்தது, கருவாடு காயவில்லை, மண்ணெண்ணெய் தீர்ந்தது என்று இரண்டு நிமிடம் பேசுவார். நான் ஹெலனின் பரீட்சையைப் பற்றிச் சொல்வேன். மனைவி இறந்தபின் அந்தக் குடிசையில் தனியாக இருந்தார். சம்பளமும் அரிசியும் மேல் டிவிஷனிலேயே வாங்கிக்கொள்வதால் ஆபீசுக்கு வந்ததே இல்லை. எனக்கும் மேலே ஏற வேலை இருந்ததில்லை. பதினொரு வருடம் அந்தக் குரலை மட்டும் தெரியும். மற்ற இருபத்திரண்டு லைன்களில் என்னைத் தாண்டி யாரோ யாரிடமோ பேசுவார்கள். அந்த ஒரு லைனில் மட்டும்தான் பேச்சு என்னோடு நின்றது.

4

எண்பத்து நாலில் பெரிய கிராணி வந்து விஷயத்தைச் சொன்னார்.

"புது எக்ஸ்சேஞ்சு வருதும்மா. ஆட்டோமேட்டிக். அவனவன் நம்பர சுத்துனா நேரா போய்ச் சேந்துரும்."

"அப்ப போர்டு?"

"கழட்டிருவாங்க. அந்தப் புதுப் பெட்டிக்கு ஆளு வேணாமாம். வெளிக் கால் வந்தா நம்ம டைப்பிஸ்டு பொண்ணே எடுத்துக்கும். குவார்ட்டர்ஸ்ல கிறிஸ்மஸ் வரைக்கும் இருங்கன்னு துரை சொல்லிட்டாரு."

நான் சரி என்றேன். ஆகஸ்டு மாதம் அது. அவர் போனபின் ஒன்பதாம் மூடி விழுந்தது. யாருக்கோ மருந்தகம் வேண்டும். கொடுத்தேன்.

அந்த வாரமே பாளையங்கோட்டைத் தோழி ஒருத்தியின் கடிதம் வந்தது. அங்கேயும் எஸ்.டி.டி. வந்து, பாதிப் பேரை வேறு பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஹாலில் வரிசை வரிசையாக ஸ்டூல்கள் காலியாம். நான் ராஜினாமா செய்யாமல் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது என்று அன்று தெரிந்தது. ஆனால் அங்கே அழுவதற்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் இருந்திருக்கும்.

5

புது இயந்திரத்தை மாட்ட ஈப்போவிலிருந்து சந்திரன் என்ற டெக்னீஷியன் வந்தார். நாற்பது வயது இருக்கும், மெல்லப் பேசுகிற மனிதர். இயந்திரம் ஒரு இரும்பு அலமாரி மாதிரி இருந்தது. உள்ளே புத்தகம் அடுக்கியது போலத் தட்டைத் தட்டையான அட்டைகள். ஒவ்வொரு அட்டையையும் தனியாக உருவலாம், சொருகலாம். ஒரு அட்டைக்கு எட்டு லைன்.

"ஒன்னு கெட்டுப்போச்சுன்னா அத மட்டும் புடுங்கிட்டு வேற போட்டுக்கலாம்க்கா. மத்ததெல்லாம் அது பாட்டுக்கு ஓடும்" என்றார்.

போர்டின் பின்பக்கத்தைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. முப்பது வருடத்து வயர்கள். துளைக்கு மேல் எழுதியிருந்த பெயருக்கும் உண்மையான இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய பங்களா என்று எழுதியிருந்தது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகைக்குப் போனது. பழைய கோழிப்பண்ணை என்று இருந்ததுதான் மருந்தகம். இடி விழுந்தபோதும் மரம் சாய்ந்தபோதும் யார் யாரோ மாற்றி மாற்றிக் கட்டியிருந்தார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது.

"அக்கா, நீங்க இல்லன்னா நான் இத ஒரு மாசம் தேடணும் லா."

நான்கு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு லைன் கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் செத்திருக்கக் கூடாது என்பது துரையின் உத்தரவு. நான் முதலில் அந்த இடத்தைக் கூப்பிட்டுச் சொல்வேன். அவர் பழைய வயரை வெட்டிப் புதுச் சட்டத்தில் அறைவார். நான் போய்ப் புது டயல் தொலைபேசியில் அந்த நம்பரைச் சுற்றுவேன். பாக்டரி மேஸ்திரி எடுத்து, "ஓ, நல்லாக் கேக்குது, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்பார். உடனே நான் போர்டில் அந்தத் துளையின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டுவேன். அதற்குப் பிறகு அந்த மூடி விழாது.

முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் எந்த மூடியும் விழவில்லை. தோட்டம் முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இரும்பு அலமாரிக்குள் டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் இறந்தபோது வீட்டில் எழாத ஒரு வெறுமை அப்போது எழுந்தது என்று எழுதினால் தப்பாக நினைக்காதீர்கள். அன்று வீடு நிறைய ஆள் இருந்தது.

6

இங்கே அலுவலக விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது சிவப்பு ஐ.சி., அதாவது சிவப்பு அடையாள அட்டை. இங்கே இருக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை. குடியுரிமை உள்ளவர்களுக்குத் தரும் நீலம் வேண்டும் என்று எண்பதில் விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு மாநிலத்தின் மறுபக்கத்து ஊருக்குப் போக வேண்டும். நாங்கள் இருப்பது பகாங். ஆனால் பகாங்குக்குள் போக எங்களுக்குப் பாதை கிடையாது. தாப்பா வழியாகப் பக்கத்து மாநிலமான பேராக்கில் இறங்கி, கோலாலம்பூர் சுற்றி, மறுபடி பகாங்கில் நுழைய வேண்டும். இரண்டு நாள் பஸ்.

என்ன வேலை என்று மலாயில் கேட்டார் அதிகாரி. பாடம் பண்ணி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சாயா ஜாகா தாலி" என்றேன். லைனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "என்ன கயிறு மக்சிக்?" என்று கேட்டார். மலாயில் மக்சிக் என்றால் அத்தை, தாலி என்றால் கயிறு. தொலைபேசி லைனுக்குத் தாலியான் என்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர், சிரிக்காமல் திருத்தினார். நான் காப்பது கயிறு என்றே எழுதியிருப்பாரோ என்று இன்றுவரை சந்தேகம். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நான் சொன்ன வார்த்தை நம் பாஷையில் என்ன என்று உறைத்தது. கணவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடிதம் வரும் என்றார்கள். காத்திருக்கிறேன்.

ஹெலனுக்கு நீல ஐ.சி. இங்கே பிறந்தவள். போர்டைக் கழற்றிய அந்தச் சமயத்தில் அவள் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போர்டுக்குக் கூப்பிடுவாள். வேலை போகப்போகிறது என்று சொன்னேன்.

"குட் லா மம்மி. எத்தன வருஷம் அந்த ஓட்டய பாத்துட்டு இருப்பீங்க. இங்க வந்துடுங்க."

"அங்க நான் என்ன செய்யறது?"

"ரெஸ்ட் லா."

ஓய்வு என்ற வார்த்தை அவளுக்குத் தமிழில் தெரியுமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

7

நான்காம் நாள் காலையில் பத்தொன்பதாம் லைன் மட்டும் மிச்சம் இருந்தது. சந்திரன் அதைப் புது அட்டையில் போட்டுப் பார்த்தார். அங்கப்பன் மேலே கைப்பிடியைச் சுற்றினார். இரும்பு அலமாரி கண்டுகொள்ளவே இல்லை.

"புது மெஷினுக்கு இந்தச் சுத்துற போன் பாஷ புரியாதுக்கா. டயல் போன் வைக்கலாம்னா ரெண்டு மைல் காட்டுல புது வயர் இழுக்கணும்."

துரையிடம் சொன்னார். அவ்வளவு வயர் முடியாது, அந்த லைனை விட்டுவிடலாம், காலையில் ஒரு ஆள் இறங்கி வந்து அளவு சொல்லட்டும் என்றார் துரை. நான் துரையின் அறைக்குள் போனேன். பதினான்கு வருடத்தில் கூப்பிடாமல் உள்ளே போனது அன்றுதான்.

"சார், தண்ணி வந்தா கீழ ஆறாம் நம்பர் லயம் இருக்கு. அளவுக்காக மட்டும் இல்ல அந்த லைன்."

லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். துரை சந்திரனைப் பார்த்தார். "வேற வழி இருக்கா?"

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார் சந்திரன்.

வெளியே வந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "ரெண்டு வழி இருக்குக்கா. பழைய போர்டுல ஒரு துண்ட அப்படியே வச்சுக்கலாம். அந்த ஒரு லைனுக்காக ஒரு ஆள் உக்காரணும். வேற வழியில்லன்னு நான் சொன்னா துரை கேட்டுக்குவாரு. நீங்க இருப்பீங்க, குவார்ட்டர்சும் இருக்கும்."

"இன்னொன்னு?"

"நடுவுல வைக்கிற மாதிரி ஒரு சின்ன அட்ட நானே செஞ்சு தருவேன். அவரு மேல சுத்துனா, இந்த அட்ட அத மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தும். நேரா பாக்டரில மணி அடிக்கும், அங்க ராத்திரியும் ஆளு இருக்கும். பேட்டரி இருக்கு, கரண்டு போனாலும் வேல செய்யும்." தரையைப் பார்த்தார். "எத சொல்லட்டும்?"

உண்மையைத்தான் எழுதுகிறேன். தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சமையலறையில் அரை மணி நேரம் நின்றேன்.

எழுபத்து ஒன்பதில் ஒரு மழை. மாலை ஆறுக்குப் போர்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவில் தடுப்பு வழிந்து, ஆறாம் நம்பர் லயத்தில் ஒரு வீட்டின் சமையலறையை அடித்துக்கொண்டு போனது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு மாடு போனது. மறுநாள் ஏழு மணிக்கு அங்கப்பன் கூப்பிட்டு அளவு சொன்னார். பிறகு, "ராத்திரி சுத்திச் சுத்திப் பாத்தேன் தங்கச்சி. அப்பறம் எறங்கி ஓடுனேன். கால்ல கொஞ்சம் அடி" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. அதனாலேயே எனக்கு மறக்கவில்லை. மூடி விழுந்திருக்கும். இருட்டு அறையில், யாரும் இல்லாமல்.

திரும்பி வந்து, "அட்டையப் போடுங்க தம்பி" என்றேன்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சதாலதான் இவ்வளவு நேரம்."

அன்று சாயங்காலம் வரை அவர் ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். வயர்களை நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் துரை சம்மதித்தார். கடைசியாகப் போர்டில் பத்தொன்பதாம் துளையில் பிளக்கைச் சொருகி, "அண்ணே, இனிமே சுத்துனா நேரா பாக்டரி எடுப்பாங்க" என்றேன்.

"அப்ப நீங்க?"

"எனக்கு வேற எடம் பாக்கணும்ண்ணே."

"சரி தங்கச்சி. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார். பிளக்கை உருவினேன்.

8

கிறிஸ்மசுக்குப் பிறகு ஹெலனிடம் போனேன். மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. காலையில் மூவரும் போய்விடுவார்கள். சாயங்காலம் வந்து ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசிச் சிரிப்பார்கள். நடுவே என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தமிழுக்கு மாறுவாள், உடனே பேச்சு நின்றுவிடும். அவர்கள் சிரிப்பைக் கெடுப்பது நான்தான் என்று புரிந்தது. பதினாறாம் நாள் மலைக்குத் திரும்பிவிட்டேன். திரிங்காப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று சந்திரன்தான் சொல்லி அனுப்பினார். ஹெலன் மாதம் ஒரு முறை கூப்பிடுகிறாள். நல்ல பெண். கோபம் எதுவும் இல்லை.

போன நவம்பரில் பிரிஞ்சாங் சந்தையில் கோஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது பழைய தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் ஒருத்தி கையைப் பிடித்தாள்.

"கேள்விப்பட்டீங்களாம்மா? தடுப்பு ஒடஞ்சிருச்சு. ஆறாம் நம்பர்ல நாலு வீடு போச்சு."

"ஆளுங்க?"

"எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறிட்டோம். விடியக்காலம் மூனரைக்கு மேலேருந்து போன் வந்துச்சாம். பாக்டரி சங்க விடாம ஊதுனாங்க. எம் பேரப்புள்ளயத் தூக்கிட்டு ஓடுனேன்."

அது நடந்து அன்றோடு மூன்று நாள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அந்த லைனில் நான் எங்கும் இல்லை. அவள் போனபின் கோஸ் கடைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லாதது சந்தோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மேல் டிவிஷன் வரை எஸ்டேட் லாரியில் போய், அங்கிருந்து இரண்டு மைல் நடந்தேன். தடுப்பில் கல் அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களை விட்டுத் தள்ளி, குடிசை வாசலில் அங்கப்பன் நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஒரு கால் லேசாக இழுத்தது. என்னைப் பார்த்து, யாரோ ஆபீஸ் ஆள் என்று நினைத்துத் தலைத்துண்டை எடுத்தார்.

"அண்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. அதைத் துடைத்து என்னை உட்கார வைத்துவிட்டு, கறுப்புத் தேநீர் போட்டார். பதினொரு வருடம் பேசியவர்கள், முகத்தைப் பார்த்ததும் எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்குச் சுத்துனப்ப ஒங்க கொரலு வரும்னு நின்னேன்" என்றார் கடைசியில். "பாக்டரிக்காரன் எடுத்தான். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு."

"அவங்க எடுத்ததுதான்ண்ணே முக்கியம்."

"ஆமா. அது சரிதான்." டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "நான் கேட்டதே இல்லயே. ஒங்க பேரு என்ன தங்கச்சி?"

ஆபீசில் நான் ஓப்பரேட்டர். மகளுக்கு மம்மி. பூத்தோட்டத்தில் ஆன்ட்டி. ஐ.சி.யில் இருப்பதை யார் படித்தாலும் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். கடைசியாக என் வாயால் அதை எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஜெபமணி" என்றேன்.

"ஜெபமணி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

அப்போது சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. எழுந்து போய் எடுத்தார். "ஒன்னேகால் அடி. மழ இல்ல" என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது.

"அத நாளைக்குச் சொல்றேன். வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்ற வந்தார்.